ஞானமுத்துவின் அட்டை

பொள்ளாச்சி பஸ் எங்கள் தோட்டத்து முக்கில் நிற்காது. அன்று நின்றது. கண்டக்டர் இறங்கிக் கடலைக்காட்டு வரப்பில் வேகமாக வந்தார். "ஏனுங்க, நம்ம ஸ்பேர் பார்ட்ஸ் ஞானமுத்து போயிட்டாருங்க. கடையிலயே நெஞ்ச புடிச்சுட்டு உக்காந்தாராமா" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி அந்த மனிதருக்கு நான் எந்தப் பதிலும் சொல்ல முடியாது என்ற பயம்தான் வந்தது. எதற்குப் பதில் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்த ஞானமுத்துவை உங்களில் பலருக்குத் தெரியும். லாரி பேரிங்கும் ஃபேன் பெல்ட்டும் விற்றவர். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நாங்கள் இருவரும் செய்துவந்த வேலை சிலருக்குத்தான் தெரியும். யுத்தத்துக்கு முன் இந்தப் பக்கம் ஓடிய அமெரிக்கக் கார்களைப் பழைய போட்டோக்களில் பார்த்து, இன்ன கார், இன்ன வருஷம் என்று கண்டுபிடிப்போம். காசுக்காக இல்லை, பைத்தியம்தான். பொள்ளாச்சிப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கிளறி விளம்பரப் பக்கங்களைக் கிழித்து வைத்திருந்தோம். என் மனைவி அதை 'குப்பைக் கல்யாணம்' என்பாள். நான் விவசாயி, அவர் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பத்துக் கத்தோலிக்கர். என்னை அண்ணாச்சி என்பார். அவரையும் அவர் வீட்டாரையும் விட்டால் இந்த வட்டாரத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது.

அந்த வேலைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். போட்டோ கைக்கு வந்ததும் அதன் அளவுக்கு ஓர் அட்டை வெட்டுவார். அதில் கார் மட்டும் தெரிய ஓட்டை போட்டு, படத்தின் மேல் வைத்து, கிளிப் மாட்டிவிடுவார். மனிதர்கள் எல்லாரும் அட்டைக்கு அடியில் போய்விடுவார்கள். ஒரு சமயம் பெரிய தோட்டக்காரர் ஒருவர் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து, தன் பாட்டன் கப்பலில் வரவழைத்த கார் என்று அரை நாள் கதை சொன்னார். பட்டுத் தலைப்பாகையும் சரிகையும் பார்த்து நானும் நம்பிவிட்டேன். ஞானமுத்து அட்டையைப் போட்டார். கதவின் ஓரத்தில் மங்கலாக வாடகை வண்டி நம்பர் தெரிந்தது. தோட்டக்காரர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். "ஆளு பொய் சொல்லும் அண்ணாச்சி, ரேடியேட்டர் சொல்லாது" என்று ஞானமுத்து சிரித்தார். அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் நாங்கள் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

அவர் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னது ஒரு மழைநாளில். மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் துரையின் டிரைவராக இருந்தவர் அப்பா. துரை அமெரிக்கா போய் வந்தபோது கப்பலில் ஒரு கார் கொண்டுவந்தாராம். அதற்கு மாலை போட்டு, பங்களா வாசலில் படம் எடுத்து, அப்படியே கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே, கொழுந்து கிள்ளப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் கார் ஏறிவிட்டது. டிரைவர்தான் ஓட்டினான் என்று துரை சொன்னார். துரை சொல்லுக்கு மேல் அங்கே சொல் ஏது? லயத்துக் குடியிருப்புச் சனம் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியது. குடும்பம் மலையை விட்டு இறங்கிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தது. அப்பா மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை, கடலை மூட்டை தூக்கினார். சாகும்போதும், "நான் ஓட்டல, துரைதான் ஓட்டினாரு" என்று சொல்லித்தான் செத்தாராம். வீட்டில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், நம்பியது ஞானமுத்து மட்டும். கல்லறைத் திருநாளுக்கு வருஷம் தவறாமல் அப்பாவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கேஸ் ஜெயித்த மகனின் முகம் அது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மறையூரிலிருந்து அவருடைய அத்தை வந்தார். அண்ணன் ஞாபகமாகப் பெட்டியில் வைத்திருந்தேன் என்று ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே கார், அதே காலை. நம்பர் பலகையை மாலை மறைத்திருந்தது. பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகங்கள், ஒன்று துரை, ஒன்று அப்பா. ஸ்டீயரிங் தெரியவில்லை. ஆனால் அப்பா உட்கார்ந்திருந்தது காரின் இடப்பக்கம். நம் நாட்டில் ஓட்டுகிறவர் இருப்பது வலப்பக்கம் அல்லவா? ஞானமுத்து படத்தை என் பக்கம் திருப்பினார். "பாத்தியளா அண்ணாச்சி, துரைதான்" என்றார். பிறகு அவரே அட்டையை வெட்டினார். "எங்கப்பான்னு சலுகை வேண்டாம். கார் எதுன்னு முறையா பாருங்க" என்றார்.

முறையாகப் பார்த்தேன். பூனை கண்ணைச் சுருக்கினாற்போல ஒடுங்கிய ஹெட்லைட். ஏறி நிற்கப் படிப்பலகை இல்லை. தரையோடு பதுங்கிய உடம்பு. பல வாரம் தேடி, ஒரு கிழிந்த பத்திரிகையில் அது கிடைத்தது. ரக்ஸ்டன். முன்சக்கரம் இழுக்கும் கார், கொஞ்ச காலமே செய்தார்கள், கொஞ்சமே செய்தார்கள். அப்படி ஒன்று நம் மலையில் ஓடியதா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே பெயரைச் சொன்னேன். ஞானமுத்து சந்தோஷமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எல்லாமே இடப்பக்கந்தானுங்க. அவுங்க ஊருக்குன்னே பண்ணுனது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் அப்பா. ஞானமுத்து என் தோளிலிருந்து கையை எடுத்தார். வேறு காராகவும் இருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நான் குழறினேன். "தெரிஞ்சுதானே சொன்னிய. இப்ப தெரியலன்னு சொல்லாதிய" என்றார். கோபமே இல்லை. நின்றிருந்தவருக்கு ஃபேன் பெல்ட்டை எடுத்துக் கொடுத்துச் சில்லறையும் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா சாகும்போதும் பொய்தான் சொல்லியிருக்காரு" என்றார். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவர் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. நாங்கள் படங்கள் பார்ப்பது தொடர்ந்தது, ஆனால் அவர் சிரிப்பது குறைந்துபோனது. நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதில் மனம் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனோம். சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. உள்ளே அட்டையும் இருந்தது. கார் மட்டும் தெரிந்தது. காரின் முன்கண்ணாடி தெரிந்த இடத்தில் படத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அப்பாவின் முகத்தை ஞானமுத்து மறைத்திருந்தார். "அட்டையக் கழட்டவே விடல அண்ணாச்சி. அந்த முகத்த என்னால பாக்க முடியாதுன்னுட்டாக" என்றார் அவருடைய மனைவி எஸ்தர். சட்டத்தைக் கழற்றி, அட்டையை உருவி, ஒட்டியிருந்த காகிதத்தையும் பிய்த்து, படத்தை என் கையில் கொடுத்தார்.

முதல் தடவையாக நான் அந்தப் படத்தில் காருக்கு வெளியே நின்ற மனிதர்களைப் பார்த்தேன். காருக்கு இரண்டு பக்கமும் பங்களா ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. எல்லார் சட்டையிலும் பை வலது மார்பில் இருந்தது.

ஒரு தையல்காரன் ஒரு சட்டையில் தவறலாம். வரிசையாக அத்தனை சட்டையிலும் தவறுவானா? நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். படத்தில் இடம் என்று பார்த்ததெல்லாம் வலம். அப்பா உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். ஸ்டீயரிங் இருந்த இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது துரை. அந்த மனிதர் வாழ்ந்தபோதும் சாகும்போதும் சொன்னது உண்மை. ஹெட்லைட்டையும் படிப்பலகையையும் வாரக்கணக்கில் ஆராய்ந்த நான், ஒரே ஒரு நிமிஷம் அட்டையை நகர்த்தி அந்த ஆட்களைப் பார்த்திருந்தால் போதும்.

எஸ்தரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டைப் பைகளைக் காட்டி, விளக்கமாகச் சொன்னேன். அவர் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். முந்தானையால் மாமனாரின் முகத்தில் இருந்த பசையைத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இத அவுக இருக்கையில பாத்திருக்கலாமே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

பாத்திருக்கலாம்.

ஞானமுத்துவை அறிந்தவர்களே, அவர் கடைசிக் காலத்தில் ஏன் கல்லறைப் பக்கம் போகவில்லை என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். காரணம் அவர் அல்ல, நான். அவர் அப்பா மேல் உங்களில் யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால், படம் எஸ்தரின் வீட்டில் இருக்கிறது, அட்டை இல்லாமல். போய்ப் பாருங்கள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நான் போனேன். கோயில் விபூதியோடு அங்கே நிற்பதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மகனிடம் போகும் முன் தகப்பனின் கல்லறையைக் கழுவினேன். ஞானமுத்து வைக்கும் அதே சாமந்தி. "நீங்க ஓட்டலீங்க" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் ஞானமுத்து மேல் மூடியிருந்த புது மண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெழுகுவத்தியை மட்டும் ஏற்றினேன்.

பத்திரிகைக் கிழிசல்களை எஸ்தர் எடுத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் கேட்டு வாங்கியது அந்த அட்டையை மட்டும்தான். ஞானமுத்து தன் கையால் வெட்டியது, நடுவில் ரக்ஸ்டன் அளவுக்கு ஓட்டை. என் மேஜை மேல் இருக்கிறது. இப்போதும் யாராவது போட்டோ கொண்டுவருகிறார்கள். நான் முதலில் ஆட்களைப் பார்க்கிறேன்.