அருவி வேண்டாம், டேஷிங் கார் போதும்

எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால் சுருளி அருவி. பக்கம், செலவும் குறைவு. போன பிப்ரவரியில் அதை மாற்றச் சொன்னேன். காரணம் கவியரசி. என்னுடைய ஏழாம் வகுப்பு. வலது காலில் கேலிப்பர், இடுப்புவரை இரும்புச் சட்டம். அருவிப் பாதை அவளுக்கு ஆகாது. ஒவ்வொரு வருடமும் பஸ்ஸிலேயே இருப்பாள், டிரைவருக்குத் துணையாக. முன் சீட், ஜன்னலோரம். அதைச் சலுகை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

தேனியில் ஒரு கட்டடத்துக்குள் விளையாட்டு மையம் திறந்திருந்தார்கள். சமதளம். லிஃப்ட் உண்டு. தலைமையாசிரியர் அரை மனதாகச் சம்மதித்தார். "அங்கனயும் அந்தப் பிள்ளை உக்காந்தே இருந்துச்சுன்னா, அடுத்த வருசம் பழையபடி சுருளிதான் டீச்சர்."

ஓடைப்பட்டியில் எட்டரைக்குக் கிளம்பி, சின்னமனூர் வழியாக ஒன்பதே முக்காலுக்குத் தேனி. முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இறங்கியதும் பிள்ளைகள் செருப்பைத் தெருவாசலிலேயே வரிசையாகக் கழற்றிவிட்டு லிஃப்டுக்கு ஓடினார்கள். வகுப்பறைப் பழக்கம். வாட்ச்மேன் சிரித்தபடி அட்டைப்பெட்டி தேடிக்கொண்டு வந்தார்.

டிக்கெட் ஆளுக்கு இருநூற்றைம்பது. காலுறை தனியாக முப்பது.

டிராம்போலினில் கவியரசியை விடவில்லை. காலிலிருக்கும் இரும்பு பட்டு வலை கிழிந்துவிடுமாம். நியாயம்தான். பந்துக் குளத்திலும் அதே பதில். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்றையொன்று இடித்து விளையாடும் டேஷிங் கார். அதன் மிதியை வலது காலால்தான் அழுத்த வேண்டும்.

கவியரசி எழுந்துபோய் ஊழியரிடம் கேட்டாள். "ரெண்டு பேர் உக்காரலாமாண்ணே?"

"உக்காரலாம் பாப்பா."

"ஏலே சாதிக், வாடா. நீ மிதி, நான் ஓட்டுறேன்."

"நான் ஓட்டக்கூடாதாக்கும்?"

"ஒனக்குச் சைக்கிளே நேரா வராது. எங்க தோட்டத்துல அப்பா மிதிப்பாக, நான்தான் திருப்புவேன். மிதிடா."

திராட்சைப் பந்தல். கல்தூண்களுக்கு இடையே, அப்பா மடியில் உட்கார்ந்து சின்ன டிராக்டரைத் திருப்பிப் பழகியவள். பழக்கம் இங்கேயும் வந்தது. முதல் சுற்று முழுக்க யார் மேலும் படாமல் வளைந்து வளைந்து ஓட்டினாள். அவ்வளவு அழகு. அவ்வளவு தப்பு.

சாதிக் தலையில் அடித்துக்கொண்டான். "இது பந்தல் இல்ல ஆத்தா! தூணப் பாத்தா இடி!"

இரண்டாவது சுற்றில் தலைமையாசிரியரும் ஒரு காரில் ஏறினார்.

"சார், ஒதுங்குங்க!"

ஒதுங்க நேரமில்லை. கவியரசி இடித்தேவிட்டாள். அவர் கண்ணாடி மடியில் விழுந்தது. அரங்கமே கத்தியது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "இரு, அடுத்த வருசம் ஒன்ன நான் இடிக்கிறேனா இல்லையா பாரு."

அவள் அதற்குள் அடுத்த காரைத் துரத்திப் போய்விட்டாள்.

போகிறவர்களுக்கு: வார நாளில், காலையில் போங்கள். செருப்பு வைக்கப் பை கொண்டுபோங்கள். கேலிப்பரோ சக்கர நாற்காலியோ இருந்தால், எந்தெந்த ஆட்டத்துக்கு விடுவார்கள் என்று முன்னாடியே போனில் கேளுங்கள். நான் லிஃப்டைப் பற்றி மட்டும் கேட்டிருந்தேன். சமதளம் போதும் என்று நினைத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது இடிக்க ஆட்கள்.

நாலு மணிக்குத் திரும்பினோம். டிரைவர் முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். "இங்கன வா தாயி."

"டீச்சர உக்காரச் சொல்லுங்கண்ணே."

கேலிப்பர் தட்டும் சத்தம் நடுவழியே பின்னால் போனது. கடைசி சீட்டில் நெருங்கி இடம் விட்டார்கள். சின்னமனூர் வரை அங்கே ஒரே கூச்சல்.

நான் முன் சீட்டில். ஜன்னலோரம். டிரைவருக்குத் துணையாக.