காற்றாலையின் காலடியில் நான்கு தோல் வாஷர்கள்

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலே முக்கால் மணிக்குக் கீழ்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்தார். நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது. வேலூர் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அந்த மாதம் முழுவதும் இரவுப் பணி, பகலில்தான் உறக்கம்.

"இன்னாம்மா, என் தலைக்கு மேல மாவு அரைக்கறீங்களா? நாலு நாளா கண்ணு மூடல. நாளைக்கு நான் ட்யூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள அதை இறக்கிடச் சொல்லு உங்கப்பாவ."

அவர் 'அது' என்றது, மொட்டைமாடியில் அப்பா நிறுத்தியிருந்த சிறு காற்றாலையை. அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்துச் செய்த மூன்று இறக்கைகள், ஒரு பழைய மோட்டார், ஒரு பேட்டரி. மின்சாரம் நின்றால் இரண்டு விளக்குகளும் ஒரு சிறு விசிறியும் அதில் ஓடும். ஓராண்டின் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அதற்குக் கொடுத்திருந்தார்.

அப்பா வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஓசை எங்கே பிறக்கிறது என்று அறிய மாடிக்குச் சென்றேன். இறக்கைகளைத்தான் சந்தேகித்தேன், அவை மெல்ல இரைந்தன, அவ்வளவே. அரைக்கும் ஓசையோ என் பாதங்களில் தெரிந்தது. கம்பத்தை இரு கைகளாலும் அழுத்தினேன், தணிந்தது. கையை எடுத்தேன், திரும்பியது. ஓசை என் சொல்லைக் கேட்பது போலிருந்ததால் இதையே ஐந்தாறு முறை செய்தேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். கம்பத்தின் அடித்தகட்டைத் தரையோடு பிணைத்திருந்த நான்கு நட்டுகளும் விரலால் தொட்டாலே சுழன்றன.

ஆறரைக்கு வந்த அப்பா, நட்டுகள் தளர்ந்துவிட்டன என்றதை நம்பவில்லை. "போன ஞாயித்துக்கிழமைதான ஸ்பேனர் போட்டு முறுக்கினேன்? அதிர்வு கீழ எறங்கக் கூடாதுன்னு தகட்டுக்கு அடியில வாஷர் கூட வெச்சேன்."

"இன்னா வாஷர்?" என்றார் உடன் வந்த அம்மா. அதே தொழிற்சாலையில் ஷூவின் மேல்தோலைத் தைப்பவர்.

"அடித்தோல் வெட்டினதுல மிச்சம். நல்லா கெட்டியா இருந்துச்சு."

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "திங்கக்கிழமை மழையில ஊறி, வெயில்ல சுருங்கிப் போயிருக்கும். இருபது வருஷமா தோலு நடுவுலதான இருக்கீங்க?"

"நான் மிஷின் நடுவுல இருக்கேன். தோலு உன் டிபார்ட்மெண்ட்."

இருட்டுவதற்குள் அம்மாவின் தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து நான்கு வட்டங்களை வெட்டி, தோலுக்குப் பதிலாக வைத்து நட்டுகளை இறுக்கினோம். ஆனால் அக்காவின் அறையில் நின்று கேட்டால்தான் எதுவும் உறுதியாகும். அவரோ பணிக்குப் போயிருந்தார். அப்பா இறக்கைகளைக் கயிற்றால் கட்டி நிறுத்தினார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு வந்த அக்காவை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "பத்து நிமிஷம் கேட்டுப் பாருங்க அக்கா. சத்தம் வந்தா அப்பாவே இறக்கிடுவாரு."

"பத்துதான். பதினொண்ணாவது நிமிஷம் நானே மேல வந்துடுவேன்."

என்னை உள்ளே விட்டு, அவர் கட்டிலில் சாய்ந்தார். மேலே அப்பா கயிற்றை அவிழ்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் வேகமாக ஆடின, காற்றுக்குக் குறைவில்லை. சுவரில் காதை வைத்தேன். முழு மௌனம் இல்லை. மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்தது. அதை அவர் பொறுப்பாரா என்று கேட்கத் திரும்பினேன். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் உறங்கிப் போயிருந்தார். அதில் ஆறு நிமிடங்களே கடந்திருந்தன. கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டு மாடிக்குப் போய், கயிற்றைச் சுருட்டி வைக்கும்படி அப்பாவிடம் சொன்னேன்.