வெள்ளைச் சட்டைகளுக்காக நின்ற ஆலை

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் வீடு அரிசி ஆலையின் பின்மதிலை ஒட்டி இருக்கிறது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவள் பிள்ளைகளை வளர்க்கிறாள். கச்சான் காற்று தொடங்கினால் ஆலையின் புகைபோக்கியிலிருந்து உமிச்சாம்பல் பறந்து வந்து கூரையிலும் கொடியில் காயும் துணியிலும் அவளுடைய நெஞ்சிலும் படியும். நெல் அவித்த தண்ணீரைப் பின்பக்கச் சாக்கடைக் கானுக்குள் திறந்துவிடுவார்கள். அது ஊறி ஊறி அவளுடைய கிணறு மஞ்சளாகிப் புளித்த வாடை அடித்தது. பிள்ளைகளுக்குச் சொறி. அவளுக்கு முட்டு என்கிற இழுப்பு நோய், பேசும்போதே மூச்சு விசில் அடிக்கும்.

ஒருநாள் நானும் அவளும் ஆலை முதலாளியிடம் போனோம். இரண்டு தடவை ஹஜ் செய்த மனிதர். ஏசி அறையில் போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"காத்து அடிக்கிற நேரம் மட்டும் நிப்பாட்டேலாதா ஹாஜியார்?" என்றாள் ராத்தா.

"மில்லு நிப்பாட்டுற சாமானா தங்கச்சி? உமிச்சாம்பல்ல பல்லு விளக்கின ஆக்கள் நாம. ஊட்டக் கூட்டித் துப்பரவா வெச்சிருங்க, எல்லாம் சரியாகும்."

நாள் முழுக்கக் கூட்டுகிறவளிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சில மாதங்களில் அவருக்குக் கருணை சுரந்தது. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கும் டிஸ்பென்சரிக்கு, முட்டுக்காரர்கள் மருந்துப் புகை பிடிக்கும் மெஷின் ஒன்றை அன்பளிப்புச் செய்தார். மெஷின் சின்னது, பின்னால் தொங்கிய பேனரில் அவருடைய முகம் பெரியது. படத்துக்கு ஒரு நோயாளி வேண்டுமென்று ராத்தாவைக் கூப்பிட்டார்கள். போனாள். அன்று மானம் பார்க்க அவளிடம் மூச்சில்லை.

விருந்தினர் எல்லோரும் வெள்ளை உடுப்பு. அதில் சாம்பல் விழக்கூடாதென்று காலையிலேயே ஆலையை நிறுத்தியிருந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் ராத்தா முகமூடியைக் கழற்றினாள்.

"ஹாஜியார், இண்டைக்கு மில்லு நிண்டிரிக்கி. நிப்பாட்டேலாதெண்டு சொன்னீங்களே?"

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களிடம், "பாவம், வருத்தக்காரப் பொம்புள" என்றார். அவர்களும் பாவம், பாவம் என்று தலையாட்டிவிட்டுப் புரியாணி சாப்பிடப் போனார்கள். கடைசிக் கார் ஒழுங்கையைத் தாண்டியதும் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது.

இப்போது ராத்தா வாரம் தவறாமல் அந்த மெஷினில்தான் மூச்சு வாங்குகிறாள். வழியில் கண்டால் அந்த மனிதர் எனக்கு ஸலாம் சொல்வார். பதில் சொல்வது மார்க்கக் கடமை, சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல்லுக்குக்கூட அவர் பெறுமதியானவரில்லை.