வெற்றுக் கோட்டில் ஒரு பெயர்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத் தேர்தல் சீட்டில் ஒரேயொரு பெயர்தான் அச்சடித்திருக்கும். தலைவருடையது. அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு. அதில் அங்கத்தவர் எவருடைய பெயரையும் எழுதலாம். மனுப் போட வேண்டாம், அந்த ஆளைக் கேட்கவும் வேண்டாம். எழுதினால் அதுவும் ஒரு வாக்கு. ஜெர்மன்காரரின் பொதுத்தேர்தலில் இப்படி எழுதினால் சீட்டே செல்லாது. எங்கள் சங்க விதிகளில் அது எப்படி வந்ததோ, யாரும் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு நான் தொட்டேன். கேள்வி கேட்பவர்களைச் சிரித்தபடியே உட்கார வைக்கும் தலைவர்மேல் எனக்கு அப்படியொரு கொதிப்பு. அவர் முன்னால் துணிந்து வாய் திறந்தவர் மன்னார் அக்கா ஒருவர்தான். ஹோட்டலில் துப்புரவு வேலை செய்பவர். வீறாப்பில் அக்காவின் பெயரை எழுதிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீட்டுகளைத் தலைவரே பிரித்து வாசித்தார். அக்காவின் பெயர் வந்ததும் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டவர், அதை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அக்கா பதறினார். "ஐயோ அண்ணை, நான் எழுதேல்லை. ஆர் எழுதினதெண்டும் தெரியாது."

"அதுக்கென்ன தங்கச்சி," என்றார் தலைவர். "வாற கிழமை உங்கட அகதி விசாரணைக்கு டெர்மின் நாள் எல்லோ? நான்தானே மொழிபெயர்க்க வாறன்."

எழுதியது நானென்று சொல்லியிருக்கலாம். எனக்கும் விசா முடிவாகவில்லை. குனிந்து காலணி நாடாவைக் கட்டினேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

சில மாதங்களில் அக்கா ஒரு கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். வாசித்துப் பார்த்தேன். விண்ணப்பம் நிராகரிப்பு. கொழும்பில் பயமில்லாமல் வாழ்ந்ததாக அக்கா தானே சொன்னதாகக் காரணம் போட்டிருந்தது.

"அப்பிடி நான் சொல்லேல்லையே தம்பி! விசாரிச்ச கந்தோரில பிழையா எழுதிப்போட்டினம். அப்பீல் செய்ய வேணும். நடந்ததைத் தமிழில எழுதித் தாங்கோ. உங்கட எழுத்து வடிவு. தலைவர் அண்ணை ஜெர்மனில மாத்தித் தாறனெண்டவர்."

தாளை என் முன்னால் வைத்தார். என் எழுத்து ஏற்கெனவே அந்த அண்ணையின் கையில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது.

"அண்ணையிட்டக் குடுக்காதேங்கோ அக்கா," என்றேன்.

"ஏன் தம்பி?"

தாளின் மேல், அன்று தேர்தல் சீட்டில் எழுதியது போலவே, அக்காவின் பெயரை எழுதினேன். பிறகு தாளை அக்காவின் பக்கம் திருப்பி, தேர்தல் நாளில் நான் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன்.