ஐம்பத்திரண்டு கிலோ

என் அக்காவின் எடையைக் கிராம் சுத்தமாக நான் தெரிந்து வைத்திருந்த ஒரு மாதம் உண்டு. எனக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்குப் பத்தொன்பது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடும் கூடத்து மின்தராசுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே தராசு. காலை வியாபாரம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். செதில் ஒட்டிய தட்டில் அவள் நேராக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து எண்ணைப் படித்துச் சொல்வேன். ஐம்பத்தேழில் தொடங்கினோம். ஐம்பத்திரண்டுக்குப் போக வேண்டும்.

அக்கா முதலில் கற்றது கராத்தே. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் மூன்றாம் மாதம் நின்றுவிட்டார்கள். அக்கா நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்து, திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலைக்குப் போனபோது, வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போய் பாக்ஸிங் கற்றாள். அதுவும் போதாமல் மறைமலைநகரில் மல்யுத்தம். அங்கே சொல்லிக்கொடுத்தவர் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்.

மூன்று மாஸ்டர்களும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் முந்தியவர் சொல்லித்தந்ததை மறக்கச் சொன்னார். கராத்தே மாஸ்டர் எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் நில் என்றார். பாக்ஸிங் மாஸ்டர் முகவாயைத் தோளுக்குள் இறக்கிக்கொண்டு கிட்டே போ என்றார். மல்யுத்த மாஸ்டர் இந்த இரண்டும் முதுகு தரையில் படுகிற வரைக்கும்தான் என்றார். அக்காவால் எதையும் மறக்க முடியவில்லை. கராத்தே போட்டியில் முகத்தில் ஓங்கிக் குத்தி எச்சரிக்கை வாங்கினாள். பாக்ஸிங் வளையத்தில் கால் தானாகத் தூக்கிக்கொண்டது, வெளியே அனுப்பினார்கள். எல்லா வித்தையையும் ஒரே சண்டையில் அனுமதிக்கிற போட்டி ஒன்று இருக்கிறது, கம்பிக் கூண்டுக்குள் நடத்துகிறார்கள் என்று தெரியவந்த நாளில், "எனக்குன்னே வெச்ச மாதிரி கீது" என்றாள்.

பழகுவதற்கு அவளுக்குக் கிடைத்த ஆள் நான்தான். சாயங்காலம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணலில் என்னைத் தூக்கிப் போடுவாள். போனில் பார்த்த பிடிகளை என் கழுத்திலும் கைகளிலும் போட்டுப் பார்ப்பாள். எனக்கு வலிக்கும், ஆனால் அதைவிடப் பெருமை எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. மறுநாள் வகுப்பில் கழுத்துச் சிவப்பை எல்லோரும் பார்க்கும்படி உட்காருவேன்.

அவளுடைய முதல் கூண்டுச் சண்டை செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் கூண்டு. ஐம்பத்தேழு கிலோப் பிரிவு. எதிரே வந்தவள் செய்யூர்ப் பக்கத்துப் பெண், மல்யுத்தக்காரி, வேர்க்கடலை போடுகிற குடும்பம். தொடக்கத்தில் அக்காவின் கால் மூன்று தடவை அவள் விலாவில் விழுந்தது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். நாலாவது உதைக்கு அந்தப் பெண் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா எழுந்திருக்கவே இல்லை. மேலே உட்கார்ந்து அந்தப் பெண் குத்தினாள். அக்கா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள், அப்புறம் மூடவும் முடியாமல் போனது. ரெஃப்ரி வந்து பிரித்துவிட்டபோது நான் நாற்காலியைவிட்டு இறங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். "இன்னாடி மூஞ்சி இது" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், படகுக்குப் போகும்போது, "இனிமே அந்தக் கூண்டு வேணாம்" என்றார். அக்கா சரி என்றாள்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மணலில் என்னைத் தூக்கிப் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சொன்னாள்: "அவ கீற வரைக்கும் அந்த வெயிட்ல என்னால ஜெயிக்க முடியாது. நா கீழ அம்பத்திரண்டுக்குப் போயிடறேன்." எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. அடிக்கிற டீச்சர் இருக்கிற ஏ பிரிவிலிருந்து பி பிரிவுக்கு மாறுவது போல. மூன்று மாதத்தில் அதே மண்டபத்தில் அடுத்த போட்டி. அதில் ஜெயித்தால் மாநிலத் தேர்வுக்குப் போகலாம். மல்யுத்த மாஸ்டர் இரண்டு கிலோவுக்குமேல் குறைக்காதே என்று சொல்லியிருந்தார். அவரிடமும் சரி என்றாள்.

முதலில் சோற்றை விட்டாள். பிறகு உப்பை. கடைசி இரண்டு நாள் தண்ணீரை. போட்டிக்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கு மண்டபத்தில் எடை பார்ப்பார்கள். அன்று காலை ஏலக் கூடத்தில் தராசு ஐம்பத்து மூன்று கிலோ நானூறு காட்டியது.

வீட்டில் இரண்டு நாள் கராத்தே பெல்ட் பரீட்சை, துணைக்கு என்னையும் கூட்டிப்போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மா மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா கரை திரும்பி, சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, இன்ஜினும் வலையும் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை. கத்திரி வெயிலில் அதன் கதவைத் தொட முடியாது. மிச்ச எடையை வியர்வையாக இறக்க, அக்கா இரண்டு ரெயின்கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்கிப்பிங் கயிற்றோடு உள்ளே போனாள். போகுமுன் தண்ணீர் பாட்டிலையும் அலாரம் வைத்த போனையும் என்னிடம் கொடுத்தாள்.

"நாப்பது நிமிசம். போன் அடிக்கிற வரைக்கும் தெறக்காத. தண்ணி கேப்பேன், குடுக்காத. அயுதாலும் குடுக்காத. சத்தியம் பண்ணு."

செய்தேன். வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவோர நிழலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கயிறு தரையில் அடிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பிறகு விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றது.

"பாப்பா, எவ்ளோ நேரம் ஆச்சி?"

"பதினேழு."

"ஒரு மூடி தண்ணி குடு. வாய நனைச்சிட்டு துப்பிடறேன்."

"நீதான குடுக்கக் கூடாதுன்ன."

சிரித்தாள். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டாள். பிறகு திட்டினாள், அம்மா சந்தையில் திட்டுகிற வார்த்தைகளெல்லாம் வந்தன. தன் சைக்கிளை எனக்கே தருவதாகச் சொன்னாள். தண்ணீர் வேண்டாம், கதவை மட்டும் திற என்றாள். கடைசியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. என்னை எத்தனையோ முறை மண்ணில் போட்டு அழுத்தியவள் என்னிடம் கெஞ்சுகிறாள், நான் அசையவில்லை. என் நெஞ்சு பெருமையில் அடித்துக்கொண்டது என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

போன் அடித்ததும் திறந்தேன். அக்கா வலைக் குவியல்மேல் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ரெயின்கோட்டைக் கழற்றியபோது அவள் உடம்பு தோசைக்கல் மாதிரிச் சுட்டது. வியர்வை ஒரு சொட்டுகூட இல்லை. இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்துவிட்டது, அதனால்தான் வியர்வை நின்றுவிட்டது என்று நினைத்தேன். அதை அவளிடம் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தேன். அவளை நடத்திக்கொண்டுபோய்த் தராசில் ஏற்றினேன். ஐம்பத்தொன்று தொள்ளாயிரம்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது என்னைப் பார்த்து, "மீனு எல்லாம் வித்துப் போச்சா?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று சிரித்தேன்.

மண்டபத்தில் எடை பார்க்கப் பெண்களுக்குத் தனி வரிசை. எங்களுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். கன்னம் உள்ளே ஒட்டி, உதடு வெடித்து, கண் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. செய்யூர்ப் பெண்.

"நீயா?" என்றாள் அவள்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இருவருக்கும் நாக்கு வறண்டிருந்ததால் சத்தமே வரவில்லை. தோள்கள் மட்டும் ஆடின. தராசு இருவரையும் ஏற்றுக்கொண்டது. ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவில் நாலே பேர். சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு முதல் சண்டை அவளோடுதான்.

அன்று சாயங்காலம் அக்கா குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. இரவு மண்டபத்திலேயே தங்கினோம். காலையில் கழிவறையிலிருந்து வந்தவள், மூத்திரம் டிகாஷன் மாதிரிப் போகிறது, யாரிடமும் சொல்லாதே என்றாள். அந்த ரகசியத்தையும் காப்பாற்றினேன்.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் சுற்றில் அக்கா இரண்டு உதை கொடுத்தாள். போன தடவை கேட்ட சத்தம் கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் அந்தப் பெண் அவளைக் கீழே சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து, குத்தக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. ரெஃப்ரி ஒன்றும் கவனிக்கவில்லை. அவள்தான் திரும்பிக் கூப்பிட்டாள்: "சார், இவ கண்ணு சரியில்ல."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவை ஓரமாக அழைத்து, உடம்பின் சூட்டில் தசையெல்லாம் கரைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது, ஈரலும் கெட்டிருக்கிறது என்று விளக்கினார். முந்தின நாள் என்ன செய்தாள் என்று கேட்டார். பெல்ட் பரீட்சைக்குப் போனாள் என்றுதான் அப்பாவுக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தாழ்ப்பாளைப் போட்டது யார் என்பதை அம்மாவிடம் நான் சொல்ல ஏழு வருஷம் ஆயிற்று. அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "தெரியும்" என்றாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தாள். இடையில் இரண்டு நாள் நினைவு நன்றாகத் திரும்பியது. பிழைத்துக்கொண்டாள் என்றே எல்லோரும் நம்பினோம். அந்த இரண்டு நாளில் ஒன்றில்தான் செய்யூர்ப் பெண் வந்தாள். தனியாக, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உள்ளே போகத் தயங்கி, வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இன்னும் கறுத்திருந்தது.

"ஒங்க அக்கா எதுக்குப் பாப்பா கீழ எறங்குச்சி? போன தபா அம்பத்தேழுல தான இருந்திச்சி."

உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "சும்மா. அதுக்குப் புடிச்சிருந்திச்சி" என்றேன்.

அவள் கை தன் விலாப் பக்கம் போனது.

"நா ஒங்க அக்காவப் பாத்துதான் எறங்குனேன். அது ஒதச்சதுல ரெண்டு எலும்பு வுட்டுப் போச்சி எனக்கு. ரெண்டு மாசம் சாஞ்சி படுக்க முடியல. இன்னொரு தபா அந்தக் காலு பட்டா தாங்காதுன்னுதான் ஓடியாந்தேன்."

அவள் அழுவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். என் அக்காவைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள். முதல் சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இவ்வளவு நல்ல செய்தி வந்ததில்லை. நர்ஸ் கூப்பிடக் கூப்பிட உள்ளே ஓடினேன். அக்கா விழித்திருந்தாள். அவள் காதோரம் குனிந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: அவளுக்கு இரண்டு எலும்பு விட்டுப்போனது, அந்த எடையிலேயே இருந்தால் அக்காவிடம் உதை வாங்க வேண்டும் என்று பயந்து ஓடிவந்தது எல்லாம்.

அக்கா என்னை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அவள் இறங்கியிருக்கவே வேண்டியதில்லை என்பதைத்தான் நான் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. வராந்தாவுக்குத் திரும்பி ஓடிவந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆட்டி, "சொல்லிட்டேன், அக்கா சிரிக்குது" என்றேன்.