கயிறு கட்டிய மூன்றாம் நாள்

என் கணவர் கரும்பு வெட்டும் கூலி. பதினைந்து வருடமாக தினமும் குடி. போன தை மாதம் நான்தான் பிடிவாதமாகக் கோயிலுக்கு அழைத்துப் போய், இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யவைத்துக் கையில் கயிறு கட்டவைத்தேன். அன்றோடு அடியோடு நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. "உடம்பெல்லாம் எறும்பு ஊர்து, தட்டி வுடு" என்று இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார், அதனால்தான் சாமி தண்டிக்கிறது என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதியம் வலிப்பு வந்து விழுந்துவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் குடிநோய் சிகிச்சை மையத்தில் சேர்த்தோம். அங்கிருந்த ஆலோசகர் அம்மா என்னைத் தனியே உட்காரவைத்து, "குடிச்சதால இல்லம்மா, திடீர்னு நிறுத்துனதால வந்தது. ரொம்ப நாளு குடிச்சவங்க டாக்டர வச்சிக்கினுதான் நிறுத்தணும்" என்றார்.

"அப்ப கயித்த அவுத்துடட்டுங்களா?"

"எதுக்கும்மா? அது பாட்டுக்கு இருக்கட்டும். மாத்திரையும் சாப்பிடட்டும்."

பத்தே நாளில் நடுக்கம் நின்றது. வீடு திரும்பிய பிறகும் மையத்திலிருந்து வாரம் தவறாமல் போன் செய்து, "இன்னாண்ணே, வேலைக்குப் போய்க்கினு இருக்கீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். சொந்தக்காரர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாராவது புருஷனுக்குக் கயிறு கட்டக் கிளம்பினால், முதலில் அந்த மையத்துக்குத்தான் கூட்டிப்போகிறேன். கோயிலுக்கு அப்புறம் போகலாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதரை அன்று நான் திட்டியதுபோல் இன்னொருத்தி திட்டக் கூடாது.

– ஒரு வாசகி, மூங்கில்துறைப்பட்டு