விடுப்புச் சம்பளமும் இரண்டு கோழிகளும்

முதலில் இருமல். பிறகு, பள்ளியின் பதினேழு படிகளில் ஒன்பதாவதிலேயே மூச்சு வாங்கியது. நான் ஃபிஜித் தீவில், ரக்கிரக்கி ஊரில் ஆசிரியர். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல்) என்றார்கள். வலது விலா இடுக்கில் ஊசி செருகி ஒன்றரை லிட்டர் நீரை எடுத்தார்கள்.

தொண்ணூற்றொரு நாள் படுக்கை. அவற்றை வாழ்ந்த நாட்களாக எண்ணாமல் வயதிலிருந்து கழித்துக்கொண்டேன். முழுச் சம்பளமும் வந்தது. பாடம் நடத்தாமல் வாங்குவது கூச்சமாக இருந்தது.

அந்த ஆண்டுதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்குப் பயம். எங்கள் பள்ளியிலிருந்து மட்டும் நான்கு ஆசிரியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். ஆக்லாந்திலிருந்த மகன் எங்களுக்கும் விசா வாங்கினான். ஆனால் வரி பாக்கியில்லை என்ற சான்று இல்லாமல் புறப்பட முடியாது.

வருமான வரிப் படிவத்தில் விடுப்புச் சம்பளத்தை நான் சம்பளத்தோடு சேர்க்கவில்லை. ‘நோயில் வந்த உதவிகள்’ என்று தனித்தாளில், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்தவற்றோடு எழுதி இணைத்தேன். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மறைத்ததாக நினைத்துவிட்டார்களோ? விசா முடியப் பன்னிரண்டு நாளே இருந்தது.

வரி அலுவலகத்துக்குப் போகும் வழியில், பஸ் தவுவா ஊரை அடைவதற்குள் மூன்று முறை நாடி பார்த்தேன். தொண்ணூற்றாறு.

“கைய வுடுங்க. அது எங்கயும் ஓடிப்போவாது,” என்றாள் மனைவி பாக்கியம்.

அலுவலகத்தில் ஒரு ஃபிஜிக்காரப் பெண் அதிகாரி. என் தாளைப் பார்த்து இந்தியில் உரக்கச் சொன்னார்: “பால் டின் பதினாலு. மரவள்ளி ஆறு கட்டு. கோழி ரெண்டு. மாஸ்டர்ஜீ, கோழியக்கூடவா எழுதுவீங்க?”

“வந்தது வந்ததுதானே, மேடம்.”

“அதுல ஒண்ணு கிழட்டுக் கோழி. அதையும் சொல்லிடுங்க,” என்று பாக்கியம் தமிழில் முணுமுணுத்தாள்.

தமிழ் புரிந்ததோ என்னவோ, அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கோழிக்கு வரி இல்ல. ஆனா இந்தப் பணம் உதவி இல்ல, சம்பளம். படுத்திருந்தாலும் நீங்க வேலையிலதான் இருந்தீங்க. வரியும் மாசாமாசம் பிடிச்சாச்சு.”

தொகையை மேலே சம்பளத்தோடு கூட்டினார். பிடித்த வரியைச் சரிபார்த்தார். பாக்கியில்லை என்று முத்திரை குத்தினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இதைப் படுக்கையிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விடுப்புப் பணத்தைச் சம்பளமாகவே எழுதுங்கள். கூச்சம் வேண்டாம்.

ஆக்லாந்து வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆழ்ந்து மூச்சிழுத்தால் வலப்புறம் இன்றும் ஒரு பிடிப்பு. அது விடும்வரை காத்திருக்கிறேன். அந்தத் தொண்ணூற்றொரு நாளை வயதிலிருந்து கழிப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.